இரண்டாவது சாவி

கை அங்கே போகக் கூடாது. போனால் தெரிந்துவிடும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள், பையின் வாரைப் பிடித்துக்கொள், சும்மா மடியிலாவது கிட. வயிற்றுக்குப் போகாதே.

மோகனப்ரியா தன் வலது கையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஓசூர் பஸ் நிலையத்தில் ஏறியதிலிருந்து அது பேச்சைக் கேட்கவில்லை. மத்திகிரி தாண்டுவதற்குள் நான்கு தடவை போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்திருந்தது. நான்காவது தடவையை அவள் கவனிக்கக்கூட இல்லை. கை திரும்பி வந்த பிறகுதான் அது போய் வந்ததே தெரிந்தது.

சுடிதாருக்கு உள்ளே, இடுப்பைச் சுற்றி ஒரு துணிப் பட்டை. அதன் முன்பக்கம் தைத்த பைக்கு ஜிப், ஜிப்பின் வாயில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பித்தளைப் பூட்டு. உள்ளே பாஸ்போர்ட்டும் வியட்நாம் விசாவை அச்சடித்த தாளும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெங்களூரிலிருந்து விமானம். பன்னிரண்டு நாள், முதுகில் ஒரு பை, முகம் தெரியாத பெண்களோடு அடுக்குக் கட்டில் போட்ட விடுதிகள், அவள் மட்டும் தனியாக. இன்று ஞாயிறு. இன்று ஒத்திகை.

ஒத்திகை பூபதியின் யோசனை. அவள் மெயின்டெனன்ஸ் பிரிவில் எலெக்ட்ரீஷியன். அவன் அதே கம்பெனியில் பாதுகாப்புப் பிரிவு அதிகாரி. ஆவணியில் நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது, தையில் கல்யாணம். டிரையல் ஓட்டாமல் எந்த மெஷினையும் லைனுக்கு விடக் கூடாது என்பது அவன் கொள்கை.

“அங்க போயிக் கத்துக்க முடியாது ப்ரியா. இங்கயே ஒரு டிரையல் ஓட்டிப் பாத்துரலாம். மொத்த மூட்டையையும் தூக்கிக்கிட்டு ஜவளகிரி வரைக்கும் போயிட்டு வா. நேரா தளி பஸ்ல ஏறாத. தேன்கனிக்கோட்டைல எறங்கி மாறு. மாறுற எடத்துலதான் அடிப்பான்.”

“யாரு அடிப்பா, தேன்கனிக்கோட்டைல?”

“யாரோ. அப்படி நெனச்சுக்கோ. பட்டையத் தொறக்கறது போயிச் சேந்த எடத்துலதான். வழியில தொறந்தா, எங்க வெச்சிருக்கேன்னு நீயே ஊருக்குக் காட்டிக் குடுத்த மாதிரி. கையும் போவக் கூடாது. திருடன் உன் மூஞ்சியப் பாக்க மாட்டான். உன் கையைத்தான் பாப்பான்.”

நேற்றுச் சாயங்காலம் அவள் வீட்டில் உட்கார்ந்து அவனே பட்டையைச் சரிபார்த்துப் பூட்டி அவளிடம் கொடுத்தான். அந்தப் பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று அவள் துப்பட்டாவின் உள்பக்கம் ஊக்கில் இருந்தது. இன்னொன்று அவனுடைய பைக் சாவிக் கொத்தில். “ஒன்னு தொலஞ்சா என்ன பண்ணுவ?” என்று கேட்டு வாங்கிக் கோத்துக்கொண்டான். ஹனோயில் சாவி தொலைந்தால் ஓசூரில் தொங்கும் சாவி எதற்கு உதவும் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. இல்லை, பொய். தோன்றியது. கேட்கவில்லை.

கேட்காமல் விட்டவை அப்படி இன்னும் சில இருந்தன. பாஸ்போர்ட்டின் நகல் அவனிடம். அது சரிதான், யாரிடமாவது இருக்க வேண்டும். வங்கி அட்டையின் ரகசிய எண், திருடு போனால் இங்கிருந்தே முடக்குவதற்கு. மெயிலின் கடவுச்சொல். போனைத் திறக்கும் எண். எங்கே இருக்கிறாள் என்று அவன் போனில் நகரும் நீலப் புள்ளி. ஒவ்வொன்றுக்கும் அவன் ஒரு காரணம் சொன்னான், ஒவ்வொரு காரணமும் நியாயமாக இருந்தது. எல்லாவற்றையும் ஓர் எக்ஸெல் தாளில் வரிசையாகப் போட்டு, முடிந்ததற்குப் பச்சை நிறம் கொடுத்திருந்தான். அந்தத் தாள் முழுக்கப் பச்சையானபோது தான் சந்தோஷப்பட்டதாக அவளுக்கு ஞாபகம். சந்தோஷம்தானா என்று இப்போது யோசித்தாள். யோசித்துக்கொண்டிருக்கும்போதே கை போய்விட்டு வந்தது.

தேன்கனிக்கோட்டையில் மாறிய பஸ்ஸில் உட்கார இடமில்லை. மூட்டையைக் காலிடுக்கில் வைத்து, அதன் வாரை ஒரு காலில் சுற்றிக்கொண்டு நின்றாள். அதுவும் அவன் சொல்லிக் கொடுத்ததுதான். மேலே கம்பியை இடது கை பிடித்திருந்தது. வலது கையைக் கண்டிக்க ஆளில்லை.

“கூத்துக்கோம்மா, கூத்துக்கோ.”

கன்னடத்தில் சொல்லிக்கொண்டே ஒரு பெண்மணி எழுந்து தன் இருக்கையைக் காட்டினார். ஐம்பது வயதிருக்கும், கையில் ஒரு பை நிறையப் பீன்ஸ்.

“பரவால்லைங்க, நீங்க உக்காருங்க.”

“நானு தளியில எறங்கறவ. நீ கூத்துக்கோ. இந்த மாதிரி நேரத்துல நிக்கலாமா?” அவர் பார்வை அவள் வயிற்றின் மேல் விரிந்திருந்த கையில் இருந்தது. “எத்தன மாசம்?”

மோகனப்ரியாவுக்கு முகம் சூடானது. இல்லை என்று சொல்லலாம். இல்லையென்றால் அங்கே என்ன என்று அடுத்த கேள்வி வரும். கேள்வி வராவிட்டாலும் பக்கத்தில் நிற்பவர்கள் யோசிப்பார்கள். பச்சை ஜெர்க்கின் போட்டவன் ஏற்கெனவே திரும்பிப் பார்த்துவிட்டான்.

“நாலு,” என்றாள்.

“மொதலதா?”

“ம்.”

“ஏப்பா டிரைவரு,” என்று அந்த அம்மா பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி குரல் கொடுத்தார், “மேடு வந்தா மெல்ல ஏத்து. புள்ளத்தாச்சி உக்காந்திருக்குது.”

“நாகம்மாக்கா சொல்லிட்டா பஸ்ஸ தோள்ல தூக்கிட்டு நடந்துற வேண்டியதுதான்,” என்றார் கண்டக்டர்.

“தூக்கு. ஒடம்பு எறங்கட்டும்.”

பஸ் சிரித்தது. மோகனப்ரியாவும் சிரித்தாள். உட்கார்ந்தாள். சொன்னது பொய்யாக இருந்தாலும் அதில் ஒரு வசதி இருந்தது. கைக்கு இனி வயிற்றின் மேல் இருக்க உரிமை கிடைத்துவிட்டது. அது அங்கேயே படுத்துக்கொண்டது. துணிக்கு அடியில் விறைப்பான, நான்கு மூலையுள்ள அந்தச் சின்னப் பொருளை உள்ளங்கை தடவியது.

“உன் ஊட்டுக்காரு எங்க? தனியா உட்டுட்டானா?”

“டூட்டி.”

“டூட்டி,” என்று நாகம்மா தலையாட்டினார். “உடு. கூட வந்தா மட்டும் சும்மாவா வருவானுங்க? குனியாத, நிமிராத, அதத் தின்னாத. நம்ம வயிறு நமக்குத் தெரியாத மாதிரி.”

தளியில் இறங்கும்போது ஒரு கைப்பிடி பீன்ஸை அவள் மடியில் போட்டுவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் பஸ் காலியானது. காட்டோரச் சாலையில் பனி இன்னும் முழுதாக விலகவில்லை. அவளுக்குப் பூபதியின் மேல் கோபம் எதுவும் இல்லை. அவனைப் பிடித்ததற்கே அவனுடைய இந்தக் குணம்தானே காரணம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்தது. பிரஸ் மெஷினின் அடிக்குழியில் வேலை செய்ய இறங்குகிறவர், மெயின் சுவிட்சில் தன் சிவப்புப் பூட்டைப் போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். பூட்டில் அவர் படம் இருக்கும். சாவி அவர் பாக்கெட்டில் இருக்கும். அவர் மேலே ஏறி வந்து தன் கையால் திறக்கும்வரை யாரும் கரண்டு கொடுக்கக் கூடாது. அன்று சிவராஜ் அண்ணனின் பூட்டு தொங்கியது, ஆளைக் காணவில்லை. கேன்டீனுக்குப் போயிருப்பான், மறந்துவிட்டான் என்று ஷிப்ட் மேனேஜர் பூட்டை வெட்டச் சொல்லிவிட்டார். லைன் நின்று ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கட்டரை எடுத்து வந்தது மோகனப்ரியாதான். அதன் வாய்க்கு நடுவே பூபதி கையை வைத்தான். “என் கைய வெட்டிட்டு அதுக்கப்புறம் பூட்ட வெட்டுங்க சார்,” என்றான், சத்தம் போடாமல். அந்த நேரத்தில் குழிக்குள்ளிருந்து சிவராஜ் அண்ணன் இருமினார்.

அந்த இருமலை அவள் மறக்கவில்லை. கட்டரின் கைப்பிடி தன் கையில் இருந்ததையும்.

அப்புறம் வந்த பயிற்சி வகுப்பில் பூபதி கரும்பலகையில் எழுதினான்: ஒரு பூட்டு, ஒரு சாவி, ஒரு ஆள். புதுப் பூட்டோடு வரும் இரண்டாவது சாவியை ஆள் கண்ணெதிரே வைஸ் இடுக்கியில் பிடித்து அறுத்துப் போடுவார்கள். “சூப்பர்வைசர் கேட்டாலும் சாவியக் குடுக்காதீங்க. பொண்டாட்டி கேட்டாலும் குடுக்காதீங்க,” என்றான். நாற்பது ஆண்களும் சிரித்தார்கள். வகுப்பில் ஒரே பெண்ணான அவளும் சிரித்தாள். அப்போது அவனை சார் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நிச்சயம் ஆன பிறகு சார் சரியில்லை என்று விட்டாள். அம்மா அத்தான் என்று கூப்பிடச் சொன்னாள், அது வாயில் வரவில்லை. பெயரும் வரவில்லை. இரண்டு மாதமாக அவனை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலேயே பேசிக்கொண்டிருந்தாள். கூப்பிட வேண்டிய இடங்களில் “இங்க பாருங்க” என்று ஆரம்பிப்பாள்.

ஜவளகிரியில் இறங்கியபோது பதினொன்றே கால். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் மூட்டையை இறக்கினாள். கடைக்காரர் திம்மப்பன் மூட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“டூரா?”

“சும்மா வந்தேன். இங்க பையை வெச்சுட்டுப் போனா பயம் இல்லையே?”

“இங்க யாரும்மா எடுக்கறது. திருட்டுன்னா ஆனைதான்.” டீயை ஆற்றிக்கொண்டே ஏரிப் பக்கம் கையைக் காட்டினார். “போன வாரம் அந்த ஓட்டு வீட்டுல ராகி மூட்டைய எடுத்துட்டுப் போச்சு. கதவுக்கு ரெண்டு பூட்டு போட்டிருந்தான் சென்றாயன். கதவத் தொடவே இல்ல அது. பின்னாடி செவுத்த, கரெக்டா மூட்டை வெச்ச எடத்துல இடிச்சிச்சு. பூட்டு இன்னும் தொங்குது.”

“எப்படித் தெரியும் அதுக்கு?”

“வாசம்தான். உள்ள என்ன இருக்குதுன்னு தெரிஞ்சவனுக்குப் பூட்டு எதுக்கு?”

டீ குடித்துவிட்டு, ஆளில்லாத பஸ் நிழற்குடைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். போய்ச் சேர்ந்த இடம் இதுதான், திறக்கலாம். பட்டையை வெளியே இழுத்து, ஊக்கிலிருந்த சாவியால் பூட்டைத் திறந்தாள். எல்லாம் விதிப்படி செய்துவிட்ட ஒரு சின்னப் பெருமை அவளுக்கு இருந்தது. பதினொன்று நாற்பது.

உள்ளே விசாத் தாள் இருந்தது. பாஸ்போர்ட் இருந்த இடத்தில், அதே அளவில், அதே கருநீல அட்டையோடு கம்பெனியின் பாதுகாப்புக் கையேடு இருந்தது.

கொஞ்ச நேரம் அதைப் பாஸ்போர்ட் என்றே பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் விரித்துப் பார்த்தாள். ஹெல்மெட் போட்ட ஒரு மனிதப் படம் அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தியது.

மூட்டையைக் கொட்டினாள். சட்டைகள், மருந்துப் பொட்டலம், செருப்பு. உள்பாக்கெட்டுகள் எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டாள். அவளே மாற்றி வைத்துவிட்டாளா? ஒரே அளவு, ஒரே நிறம், அவசரத்தில் வைத்திருக்கலாம். அப்படியானால் பாஸ்போர்ட் வீட்டில் இருக்கும். இருக்க வேண்டும். இல்லையென்றால் தத்காலில் புதிதாக எடுத்தாலும் எண் மாறிவிடும், விசா செல்லாது. நடுவில் இருப்பது நான்கு நாள். இந்த வெள்ளிக்கிழமை போனால் போனதுதான். தைக்கு அப்புறம் தன்னைத் தனியாக யாரும் அனுப்பப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். அதை யாரும் சொன்னதில்லை, சொல்லாமலேயே தெரியும்.

அம்மாவைக் கூப்பிட்டாள். பேச்சியம்மாள் போனைப் பிடித்துக்கொண்டே தேடும் சத்தம் கேட்டது.

“ஏட்டி, பீரோவ மொத்தமாக் கொட்டிப் பாத்துட்டேன். இல்ல. சாமி படத்துக்குப் பொறத்தாலயும் பாத்தேன்.”

“சாமி படத்துக்குப் பின்னாடி யாரும்மா வைப்பா?”

“நான் வைப்பேன்லா.” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “போறதுக்கு முந்தியே இப்படி. இதுக்குத்தான் சொன்னேன், கல்யாணத்த முடிச்சு மாப்பிள்ளையோட போன்னு. மாப்பிள்ளைக்குச் சொன்னியா?”

பூபதியைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

“பாஸ்போர்ட் இல்ல. பட்டைல இல்ல. வீட்லயும் இல்ல.”

“சரி. பதறாத.” குரல் நிதானமாக இருந்தது. “எப்பப் பாத்த?”

“இப்பதான். பதினொன்னு நாப்பதுக்கு.”

“பதினொன்னு நாப்பது. சரி. இது வியட்நாமுன்னு நெனச்சுக்கோ, நான் பக்கத்துல இல்லன்னு நெனச்சுக்கோ. என்ன பண்ணுவ? அத வரிசையாப் பண்ணு. கடைசியா எங்க யாரு உன்ன ஒட்டி நின்னா, யோசி. நான் ஓசூர் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன், வந்து சேரு.”

வரிசையாகச் செய்தாள். திம்மப்பனிடம் கேட்டு, வந்த பஸ்ஸின் கண்டக்டரைப் பிடித்தாள். அவர் பஸ்ஸின் அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “இந்த நேரத்துல ஒடம்ப அலட்டிக்காதம்மா,” என்றார். பச்சை ஜெர்க்கின்காரன் எந்த ஊரில் இறங்கினான் என்று கேட்டாள். கேட்ட பிறகு கூச்சமாக இருந்தது. பீன்ஸ் போட்ட நாகம்மாவின் கை அவள் மடிவரை வந்ததை நினைத்தாள். அதை நினைத்ததற்காகத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

திரும்பும்போது நேர் பஸ். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தும் உடம்பு உட்காரவில்லை. கால் தாளம் போட்டது. கை இப்போது எங்கே போவதென்று தெரியாமல் கையேட்டைப் புரட்டியது. வேறு படிக்க எதுவும் இல்லாததால் படித்தாள். ஏணியை எப்படிச் சாய்ப்பது. தீ அணைப்பானை எப்படி இழுப்பது. முதல் பக்கத்தில் பெயருக்கும் டோக்கன் எண்ணுக்குமான கோடுகள் காலியாக இருந்தன.

தன் கையேட்டில் தன் பெயரை எழுதியிருந்தாள். ஜனவரி ஆடிட்டின்போது எழுதிக் காட்டியிருந்தாள். அதற்கப்புறம் அது கம்பெனியில், யூனிபார்ம் வைக்கும் லாக்கரில்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததே இல்லை.

அப்படியானால் இது அவளுடையதில்லை.

கால் நின்றது. மெதுவாக ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். பதினேழாம் பக்கத்தில், பூட்டுப் படத்துக்குக் கீழே, பச்சை மையில் ஒரு வரி அடிக்கோடிடப்பட்டிருந்தது. ஒரு பூட்டு, ஒரு சாவி, ஒரு ஆள். கம்பெனியில் பச்சை மையில் எழுதுகிறவன் ஒருவன்தான்.

முதலில் வந்தது நிம்மதி. பாஸ்போர்ட் இருக்கிறது. வெள்ளிக்கிழமை இருக்கிறது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி. அந்த நிம்மதியைக் கொடுத்ததற்காக அவனுக்கு நன்றி சொல்லும் ஒரு பெண் தனக்குள் எழுந்து நிற்பதையும் பார்த்தாள். எடுத்தவனே பத்திரமாக வைத்திருப்பான் என்று நன்றி. அந்தப் பெண்ணைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

பதினொன்று நாற்பதை அவன் திருப்பிச் சொன்னது ஞாபகம் வந்தது. குறித்துக்கொண்டிருக்கிறான். அவள் நிழற்குடையின் தரையில் துணிகளைக் கொட்டிக்கொண்டிருந்தபோது, அங்கே அவன் எக்ஸெல் தாளின் ஒரு கட்டத்தில் நேரம் ஏறியிருக்கிறது. நீலப் புள்ளி கண்டக்டரிடம் போனதையும் வந்ததையும் பார்த்துக்கொண்டிருந்திருப்பான். வேறு திருடன் யாரும் இந்தப் பட்டையைத் தொடவில்லை. தொட முடிந்தது சாவி உள்ள ஆளால் மட்டும்தான். இரண்டு பஸ்ஸில், நாலு மாதம் என்று பொய் சொல்லி, அவள் கட்டிக் காத்து வந்தது ஒரு பாதுகாப்புக் கையேடு.

தளியில் பஸ் நின்று கிளம்பியது. கை மடியில் சும்மா கிடந்தது. அதைக் கண்டிக்க வேண்டியிருக்கவில்லை. இப்போது வேறெங்கோ, விலா எலும்புக்குப் பின்னால், ஏதோ ஒன்று எழுந்து எழுந்து உட்கார்ந்தது.

ஓசூர் பஸ் நிலையத்து டீக்கடை வாசலில் பூபதி நின்றிருந்தான். அவளுக்குப் பிடிக்கும் என்று இஞ்சி டீ சொல்லியிருந்தான். அவள் மூட்டையை வாங்கி மேசையோரம் இறக்கி அவளை உட்கார வைத்தான். முகத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டான்.

“கண்டுபுடிச்சிட்டியா?”

“பச்ச இங்க்.”

“அடிச்சேன் பாரு கோட்ட. தப்புப் பண்ணிட்டேன்.” சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினான். அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தான். “மாக் டிரில். பதினேழு மணி நேரம் உனக்குத் தெரியல ப்ரியா. ரிப்போர்ட் எழுதினா ஃபெயில்தான். ஆனா காணோம்னு தெரிஞ்சப்புறம் நல்லாப் பண்ண. நேரா பஸ்ஸத் தேடிப் போனது சூப்பர்.”

“எப்ப எடுத்தீங்க?”

“நேத்து, நீ தோசை ஊத்த உள்ள போனப்ப.”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“மாக் டிரில்லுன்னா யாருக்கும் சொல்லக் கூடாதுல்ல. தீ விபத்து டிரில்லுக்கு முன்னாடி நாளே நோட்டீஸ் ஒட்டினா எவன் ஓடுவான்?”

அவள் பாஸ்போர்ட்டைத் திறந்து தன் படத்தைப் பார்த்தாள். ஆறு வருடத்துக்கு முந்திய முகம்.

“கோவமா?” என்றான். குரல் மெத்தென்று இருந்தது. “கோவப்படு. இங்கன்னா என்மேல கோவப்படலாம். அங்க எடுத்தவன் திருப்பிக் குடுக்க மாட்டான். உன்ன பயமுறுத்த இல்ல. எனக்குத்தான் பயம். நீ போனப்புறம் பன்னெண்டு நாளு நான் எப்படித் தூங்குவேன், சொல்லு.”

அது உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. கட்டரின் வாயில் கையை வைத்தவன்தான் இவன். அன்றைக்கும் பொய்யில்லை, இன்றைக்கும் பொய்யில்லை. கெட்டவனாக இருந்தால் இந்தப் பஸ் நிலையத்திலேயே சத்தம் போட்டுவிடலாம்.

“ஒரு பொம்பள பஸ்ல எனக்கு எடம் குடுத்தாங்க,” என்றாள். “நாலு மாசம்னு சொன்னேன்.”

அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் டீ சிந்தும் அளவுக்குச் சிரித்தான். “ஐயோ. கைய வெச்சுக்கிட்டே போனியா? சொன்னேன்ல.” அவள் சிரிக்கவில்லை என்று கவனித்தபோது நிறுத்திக்கொண்டான்.

பிறகு ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தான். நான்கு சக்கரம் வைத்த எண் பூட்டு, கறுப்பு நிறம், புதிது. “சாவி வெச்ச பூட்டு வேலைக்கு ஆவாது. நானே எடுத்துட்டேன்னா வேற எவனும் எடுப்பான். இதுக்குச் சாவியே இல்ல. நம்பர்தான். ஒன்னு நாலு பூஜ்யம் ஒம்போது வெச்சிடு. நம்ம நிச்சயத் தேதி, ரெண்டு பேருக்கும் மறக்காது.”

பூட்டு கையில் கனமாக இருந்தது, நல்ல பூட்டு. அவள் தினமும் பூட்டுகளோடு வேலை செய்கிறவள். வளையத்தை அழுத்திக்கொண்டு எண்ணை எப்படி மாற்றுவது என்று யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பாஸ்போர்ட்டைப் பட்டைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். மேசையின் மறுபக்கம் அவன் பைக் சாவிக் கொத்து கிடந்தது. அதில் அந்தப் பித்தளைச் சாவி, இனிமேல் திறக்க எதுவும் இல்லாமல், இன்னும் தொங்கியது. அவள் கொஞ்சம் திரும்பி, சுவர்ப் பக்கமாக உட்கார்ந்து, சக்கரங்களை ஒவ்வொன்றாக நகர்த்தினாள். காலையிலிருந்து கை இவ்வளவு நேரம் சொன்ன பேச்சைக் கேட்டது இப்போதுதான்.

க்ளிக் என்று விழுந்தது.

“தேதிதான வெச்ச?”

“இல்ல. வேற.”

“சரி, அதுவும் நல்லதுதான். தேதின்னா ஈசியா ஊகிச்சிருவான்.” போனை எடுத்து, முழுதும் பச்சையான அந்தத் தாளைத் திறந்து, கடைசியில் ஒரு புது வரி சேர்த்தான். “சொல்லு. என்ன நம்பர்?”

கிருஷ்ணகிரி பஸ் ஒன்று அவர்களுக்குப் பின்னால் உறுமிக்கொண்டு கிளம்பியது. அவன் கட்டைவிரல் திரையின் மேல் காத்திருந்தது. நான்கு சக்கரங்களையும் அவள் விரலால் ஒரு தள்ளுத் தள்ளிக் கலைத்தாள்.

“எனக்கு ஞாபகம் இருக்கும், பூபதி,” என்றாள்.